இரட்டைத் தந்தியா, ஒற்றைத் தந்தியா?

மாண்டலின் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால், அவர் காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் யு. ஸ்ரீநிவாஸின் வாசிப்புதான். அந்த ஆசையோடு கடைக்குப் போகிறார். எட்டுத் தந்தி பூட்டிய ஒரு மாண்டலினை வாங்கி வருகிறார். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்குகிறார். சில வாரங்களில் ஸ்வரம் வந்துவிடுகிறது. கமகம் மட்டும் வர மறுக்கிறது. விரலைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் கேட்ட வாத்தியம் வேறு, வாங்கிய வாத்தியம் வேறு.

கடையில் கிடைக்கும் மாண்டலின் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து வாரிசு. தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும், நான்கு ஜோடி. சுருதி மேற்கத்திய வயலினுடையதேதான்: ஜி, டி, ஏ, ஈ. ஜோடியில் இருக்கும் இரண்டும் ஒரே சுருதியில் நிற்கும். தந்தியின் நீளம் குறைவு என்பதால் நாதம் சட்டென்று அடங்கிவிடும். அதை ஈடுகட்டத்தான் பிக்கை மேலும் கீழும் விடாமல் ஓட்டும் 'ட்ரெமலோ' வந்தது. இரட்டைத் தந்தியில் ட்ரெமலோ வாசித்தால் எழும் மினுமினுப்பு வேறெந்த வாத்தியத்திலும் கிடைக்காது. இதன் முன்னோடி மாண்டலினுக்கென்றே இசையமைப்பாளர் விவால்டி கான்செர்ட்டோ எழுதினார். அமெரிக்காவில் ஓர்வில் கிப்சன் நேப்பிள்ஸ் மாண்டலினின் பானை வயிற்றை எடுத்துவிட்டு, வயலின் போலக் குடைந்த பலகை வைத்த மாண்டலினுக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் கிப்சன் நிறுவனம் 1923-இல் செய்த ஓர் எஃப்-5 மாண்டலினைத்தான் பில் மன்றோ பல பத்தாண்டுகள் வாசித்து, புளூகிராஸ் என்ற இசையையே நிலைநிறுத்தினார்.

ஆனால் கர்நாடக இசையில் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதில்லை; அசைய வேண்டும், வழுக்க வேண்டும். அதுதான் கமகம். இரண்டு தந்திகளை ஒரே விரலால் ஒரே அளவுக்கு இழுத்து அசைப்பது பெரும்பாடு; ஒன்று கொஞ்சம் முந்தினாலும் அபஸ்வரம். 1969-இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்த ஸ்ரீநிவாஸ் எடுத்த முடிவு எளியது, துணிச்சலானது. எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார், ஜோடிகளை ஒற்றையாக்கினார், ஐந்து தந்தி வைத்துக்கொண்டார். மின்சாரம் நாதத்தை நீட்டித் தந்தது, ஒற்றைத் தந்தி கமகத்துக்கு வழிவிட்டது. 1980-களில் அந்தச் சிறுவன் சென்னை சபாக்களில் வாசித்தபோது 'இதெல்லாம் கச்சேரி வாத்தியமா?' என்று முகம் சுளித்தவர்களும் வாயடைத்துப் போனார்கள்.

ஆகவே எந்த இசை என்பதை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சினிமாப் பாட்டு, மேற்கத்திய இசை என்றால் எட்டுத் தந்தி. அதிலும் பானை வயிறு இல்லாத 'ஏ' மாடலே தொடக்கத்துக்கு நல்லது. பானை வயிறு மடியில் வழுக்கும். சுருள் வைத்த 'எஃப்' மாடலில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அழகுக்குத்தான் போகிறது. கர்நாடக சங்கீதம் என்றால் ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக். ஆசிரியரை முதலில் தேடுங்கள், வாத்தியத்தை அவர் சொல்லட்டும்.

எட்டுத் தந்தி வாங்கியவருக்கு முதல் பாடம் சுருதி சேர்ப்பது. ஜோடியில் ஒன்றை மட்டும் டியூனரில் சேருங்கள். மற்றதைக் காதால் சேருங்கள். சற்று விலகியிருந்தால் 'வவ்... வவ்...' என்று ஓர் அலை கேட்கும்; நெருங்க நெருங்க அலை மெதுவாகி மறையும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி வாசிக்கும்போதே நழுவும்.

வலது கையில் பிக்கை இறுக்கிப் பிடிக்காமல், மணிக்கட்டைத் தளர்த்தி, ஒரு கீழ் ஒரு மேல் என்று மெதுவாக. ட்ரெமலோவுக்கு அவசரப்பட்டால் முழங்கை விறைத்துக்கொள்ளும், பிறகு அதை மாற்றுவது பாடு. இடது கையில் விரல் மெட்டின் மேல் விழக் கூடாது, அதை ஒட்டிச் சற்றுப் பின்னால் அழுத்த வேண்டும். நுனி விரல் எரியும். காய்ப்பு ஏறும்வரை தினம் கால் மணி நேரம் போதும். தந்திகள் மிக உயரமாக நின்று விரலை வதைத்தால் அது உங்கள் பலவீனம் அல்ல. வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் நம் கடலோர ஊர்களின் முதல் எதிரி ஈரக்காற்று. விரல் வியர்வையும் சேர்ந்தால் தந்தி சீக்கிரமே துருவேறிக் கறுக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு ஜோடியையும் அடியோடு துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், பசை இளகி ஒட்டு விடும்.

தந்தி மாற்றும்போது எட்டையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடுவது பலர் செய்வது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மாண்டலினில் பெரும்பாலும் பலகையில் ஒட்டப்பட்டதல்ல. எழுபது கிலோவுக்கும் மேற்பட்ட தந்தி இழுவிசைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. எல்லாம் போனால் பிரிட்ஜ் நகர்ந்துவிடும். பிறகு எப்படிச் சேர்த்தாலும் மேல் ஸ்தாயியில் சுருதி பிசகும். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். ஏற்கெனவே நகர்ந்துவிட்டதா என்ற சந்தேகம் இருந்தால், பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே விரலை இலேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்தியது தூக்கலாக இருந்தால் பிரிட்ஜை வால்பக்கம் ஒரு மயிரிழை தள்ளுங்கள், தணிந்திருந்தால் கழுத்துப்பக்கம்.