எம்.எஸ். எது, எம்.ஏ.எஸ். எது?

ஒவ்வொரு நிலையத்துக்கும் ரயில்வே வழங்கியுள்ள சுருக்க எழுத்துகளான குறியீட்டில், ஆவடி ஏ.வி.டி. என்றும் அம்பத்தூர் ஏ.பி.யு. என்றும் ஊர்ப்பெயரை ஒட்டியே அமைந்திருப்பதால், அவ்வூர்க்காரர்களுக்கு அவற்றில் குழப்பம் நேர்வதில்லை. சிக்கல் சென்னைக்குள்தான் இருக்கிறது: எம்.ஏ.எஸ். என்பது சென்ட்ரல், எம்.எஸ். என்பது எழும்பூர், எம்.எஸ்.பி. என்பது கடற்கரை. நகரின் பெயர் 1996இல் சென்னை என மாறிய பின்னரும், 2019இல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டப்பட்ட பின்னரும், மெட்ராஸின் 'எம்' இம்மூன்றிலும் அப்படியே நிற்கிறது. முன்பதிவுக் குறுஞ்செய்தியில் இக்குறியீடுகளே வருவதால், ரயில் நிலையம் இல்லாத பூந்தமல்லியிலிருந்து பேருந்தில் புறப்படும் முதியவர், நடுவிலுள்ள ஒற்றை 'ஏ'யைக் கவனியாமல் எழும்பூரில் இறங்கிவிட்டால், சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கோவை ரயிலைத் தவறவிட நேரும். அச்செய்தியில் நிலையத்தின் முழுப்பெயரைத் தமிழில் சேர்ப்பது மிகவும் அவசியமானது.