மாறி மாறிச் சிமிட்டும் விளக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், வெருகலாற்றுக்குத் தெற்கே, கடலோரமாய் அமைந்த ஊர் கதிரவெளி. கார்த்திகை விளக்கீட்டன்று முற்றத்து வாழைக்குற்றியில் ஏற்றிய அகலைக் கடற்காற்று அணைத்துவிடுவதுண்டு. காற்றுக்கு அஞ்சாத விளக்கு வேண்டுமென்று, 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்தில் இணைத்த குமிழ்ச் சரத்தை வேலியில் தொங்கவிடுவோரும் உளர். கார்த்திகையோ மாரிகாலம். நனைந்த கம்பியைப் பிள்ளை தொட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆறு வோல்ற்றில் இயங்கும் சிமிட்டு விளக்கைப் பாடசாலைப் பிள்ளையே அச்சமின்றிச் செய்து கொள்ளலாம். ஒன்றரை வோல்ற்றுப் பற்றரி நான்கு, பீ.சீ.547 என்னும் திரான்சிற்றர் இரண்டு, சிவப்பு எல்.ஈ.டி. இரண்டு, 330 ஓம் தடை இரண்டு, 33 கிலோ ஓம் தடை இரண்டு, 22 மைக்ரோபரட் கொள்ளளவி இரண்டு ஆகியவையே தேவை.

திரான்சிற்றரின் தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழ்நோக்கி நிற்குமாறு பிடித்தால், இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடி, காலி என மூன்று கால்கள் அமையும். காலி இரண்டும் பற்றரியின் மறை முனைக்குச் செல்லும். நேர் முனையிலிருந்து 330 ஓம் தடை, அதன்பின் எல்.ஈ.டி., அதன்பின் சேகரிப்பான் என்பது ஒவ்வொரு பக்கத்தினதும் ஒழுங்கு. எல்.ஈ.டி.யின் நீண்ட கால் தடையின் பக்கம் இருத்தல் வேண்டும். அடி ஒவ்வொன்றும் 33 கிலோ ஓம் தடை வழியாக நேர் முனையைச் சேரும். இனிக் கொள்ளளவிகள்: ஒன்றின் நேர்க்கால் ஒரு திரான்சிற்றரின் சேகரிப்பானிலும், மறைக்கால் மற்றதன் அடியிலுமாகக் குறுக்கே மாற்றி இணைக்கப்படும். சூட்சுமம் முழுவதும் இந்தக் குறுக்கிணைப்பில்தான் உள்ளது.

ஒரு திரான்சிற்றர் விழித்தவுடன், தன் கொள்ளளவி வழியாக மற்றதன் அடியைக் கீழே இழுத்து அதனை உறங்கச் செய்கிறது. உறங்குவதன் அடிக்கு 33 கிலோ ஓம் தடை வழியே மின் சிறிது சிறிதாக வந்து சேர்கிறது. சிறு துளை வழியே குடம் நிரம்புவது போலவே. அரை நொடியளவில் அவ்வடி 0.6 வோல்ற்றை எட்டியதும் உறங்கியது விழிக்கிறது. விழித்திருந்ததை உறங்க வைக்கிறது. குடம் பெரிதானால் நிரம்பும் நேரமும் நீளும். 47 மைக்ரோபரட் இட்டால் ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒருமுறை விளக்கு மாறும்.

இவ்வுத்தி புதியதன்று. பிரான்சில் ஆபிரகாம், புளொக் என்னும் இருவர் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இதனை ஆக்கி, 1919இல் வெளியிட்டனர். கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தந்த எல்.ஈ.டி.யை அமெரிக்கரான நிக் ஹொலொன்யாக் 1962இல் உருவாக்கினார்.

விளக்கொன்று எரியாவிடின், பெரும்பாலும் அதன் கால்கள் மாறியிருக்கும். இரண்டும் அணையாது ஒருங்கே எரிந்தால் பற்றரியைக் கழற்றி மீண்டும் இணைத்துப் பார்க்கலாம். கடலோர உப்புக்காற்றில் செப்புக்கம்பி விரைவில் பச்சை பூக்குமாதலால், இணைப்புகளை ஈயம் வைத்து ஒட்டி, அவற்றின்மேல் நகப்பூச்சு சிறிது தடவி உலரவிடுவது நன்று. அக்காமாரிடம் கேட்டு வாங்குவதுதான் சற்றுக் கடினம்.