இதய வால்வுக்கு வழிசெய்த சட்டம்: எல்லையோர ஏழைகளின் நம்பிக்கை ஸ்ரீசித்ரா

புது தில்லி: கேரளத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ளது குளத்தூர் ஊராட்சி. பொழியூர் கடற்கரை இந்த ஊராட்சியைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. உறவுகள் மட்டும் எல்லைக்கோட்டின் இருபுறமும் இன்றளவும் தொடர்கின்றன.

இதயத்திலோ மூளையிலோ பெரிய அறுவைச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் கூறிவிட்டால், இரு பக்கத்துக் குடும்பங்களின் நினைவிலும் முதலில் எழும் பெயர்களில் ஒன்று, திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்ரா. முழுப்பெயர், ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம். நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி உருவாக்கிய லாப நோக்கமற்ற நிறுவனம் இது. மருத்துவமனை, ஆய்வுக்கூடம், பொதுச் சுகாதாரக் கல்வி ஆகிய மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குவது இதன் தனிச்சிறப்பு.

அரண்மனையில் ஆய்வுக்கூடம்

திருவிதாங்கூர் மன்னர் குடும்பம் 1973-ல் அளித்த பலமாடிக் கட்டடமே இந்த நிறுவனத்தின் தொடக்கம். அன்றைய கேரள முதல்வர் சி. அச்சுத மேனன் அதை உயர் சிறப்புச் சிகிச்சை மையமாக வளர்க்க முனைந்தார். 1976-ல் நோயாளிகளுக்கான சேவை தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து சுமார் 11 கி.மீ. தொலைவில், பூஜப்புரையில் உள்ள அரண்மனையில் உயிரி மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அமைந்தது. இம் முயற்சிக்குத் தலைமை ஏற்றவர் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தான்.

1980-ல் இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தில்லி எய்ம்ஸ், சண்டீகர் மருத்துவ மேற்படிப்பு நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஸ்ரீசித்ராவோ அறிவியல், தொழில்நுட்பத் துறையின் பொறுப்பில் உள்ளது. நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதோடு, அச் சிகிச்சைக்குத் தேவையான கருவியையும் உள்நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்ற நோக்கமே இதற்குக் காரணம்.

நான்காவது முயற்சியில் வெற்றி

இந்த நோக்கத்தின் பயன் இதய வால்வில் தெளிவாகத் தெரிந்தது. ஏழைக் குடும்பத்துச் சிறுவர்களைப் பெரிதும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளைச் சிதைத்துவிடுகிறது. பழுதடைந்த வால்வுக்குப் பதிலாகச் செயற்கை வால்வு பொருத்தலாம். ஆனால் 1970-களில் அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்யும் திறமை இங்கு இருந்தும், வால்வின் விலை சாமானியர்களுக்கு எட்டாததாக இருந்தது.

மனித இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு திறந்து மூட வேண்டும். தேயவும் கூடாது, உடையவும் கூடாது. மருத்துவர்களும் பொறியாளர்களும் இணைந்து உருவாக்கிய முதல் மூன்று மாதிரிகளும் சோதனைகளில் தேறவில்லை. உலோகக் கலவைச் சட்டம், பிளாஸ்டிக் தட்டு, பாலியஸ்டர் துணி வளையம் கொண்ட நான்காவது மாதிரியே வெற்றி பெற்றது. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் 1995 முதல் இதைத் திருவனந்தபுரத்தில் வணிக ரீதியில் தயாரித்து வருகிறது. இதுவரை பொருத்தப்பட்ட வால்வுகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

ரத்த தானத்துக்குக் கண்ணாடிப் புட்டிகளைப் பயன்படுத்திய காலத்தில், பிளாஸ்டிக் ரத்தப் பைக்கான தொழில்நுட்பத்தை உருவாக்கித் தொழிற்சாலைக்கு வழங்கியதும் இதே ஆய்வுக்கூடம்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

அறுவைக்குப் பிறகு...

ஆயினும் வால்வு பொருத்தியதோடு பிரச்னை தீர்ந்துவிடுவதில்லை. செயற்கை வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க, நோயாளி வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மருந்து குறைந்தால் ரத்தம் உறைந்து வால்வு அடைபடும், பக்கவாதமும் வரலாம். கூடினால் ரத்தக்கசிவு ஏற்படும். அளவைச் சரிபார்க்கக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை அவசியம். கடலுக்குச் சென்றால்தான் அன்றைய கூலி என்ற நிலையில் உள்ள தொழிலாளிக்கு, இதற்காக ஒவ்வொரு முறையும் தலைநகருக்குப் பயணம் செய்வது எளிதல்ல. ஒருநாள் வருமானத்தோடு பேருந்துக் கட்டணமும் போகும்.

நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும் பாறசாலையில் தாலுகா மருத்துவமனையும் உள்ளன. எல்லைக்கு அப்பால் தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பை இவை ஏற்றால்தான் தேசிய நிறுவனம் செய்த பணி முழுமை பெறும். இதில் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி குறுக்கே வரக்கூடாது.

அதைவிட முக்கியமானது நோயைத் தடுப்பது. தொண்டையில் ஏற்படும் கிருமித் தொற்றே ருமாட்டிக் காய்ச்சலுக்கு மூலகாரணம். உரிய நேரத்தில் பெனிசிலின் அளித்தால் அதைத் தடுக்கலாம். ஒருமுறை காய்ச்சல் வந்த குழந்தைக்கும் 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டு வந்தால், மீண்டும் தாக்காமல் இதயத்தைக் காக்கலாம். நெருக்கடியான வீடுகள் நிறைந்த பகுதிகளில் இது எளிதாகப் பரவும் என்பதால், கிராமச் செவிலியரின் கண்காணிப்பே முதல் தடுப்பு.

மூன்றாவது பிரிவு

இதை உணர்ந்தே ஸ்ரீசித்ராவில் மூன்றாவதாகப் பொதுச் சுகாதாரப் பிரிவு சேர்க்கப்பட்டது. அச்சுத மேனன் பெயரிலான அந்த மையத்துக்கு 1992-ல் அப்போதைய நிதியமைச்சர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2000 ஜனவரியில் அப்போதைய மத்திய அமைச்சர் முரளி மனோகர் ஜோஷி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அறுவைக் கூடத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே நோயைத் தடுப்பது எப்படி என்பதே அங்கு பயில்வோரின் பாடம்.

ஸ்ரீசித்ராவின் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகின்றன. கட்டடம், படுக்கை, நிதி ஒதுக்கீடு குறித்து உறுப்பினர்கள் கேள்வி எழுப்புவது வழக்கம். வால்வு பொருத்திக்கொண்டு ஊர் திரும்பியவர் அடுத்த மாத ரத்தப் பரிசோதனைக்கு எங்கே செல்கிறார் என்ற கேள்வியும் அந்த வரிசையில் சேர வேண்டும். குளத்தூருக்கும் நீரோடிக்கும் அதற்கு ஒரே பதில் கிடைக்குமானால், 1980-ம் ஆண்டுச் சட்டம் எல்லைக் கிராமத்தின் கடைசி வீடு வரை சென்று சேர்ந்ததாகக் கொள்ளலாம்.