லேடி பேர்ட்: பெயரும் விசுவாசமும்

கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் தன் மதத்தைக் கேள்வி கேட்கிறாள் என்று ஒரு படத்தைப் பற்றிச் சொன்னால், மீதிக் கதையை நாமே ஊகித்துவிடுவோம். கொடுமைக்காரக் கன்னியாஸ்திரி, பாவசங்கீர்த்தனம், குற்றவுணர்ச்சி, கடைசியில் விடுதலை. கிரேட்டா கெர்விக் எழுதி இயக்கிய ‘லேடி பேர்ட்’ (2017) இந்த வழியில் போவதே இல்லை. அதனால்தான் பலர் இதை மதம் பற்றிய படமாகப் பார்க்காமல், அம்மா–மகள் சண்டைப் படம் என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே சண்டைதான். அதற்கு ஆதாரம் தலைப்பிலேயே இருக்கிறது.

கதை நடப்பது கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில், 2002-03 கல்வியாண்டில். கிறிஸ்டீன் மெக்ஃபெர்சன் (சர்ஷா ரோனன்) பள்ளி இறுதி வகுப்பு மாணவி. அம்மா மரியன் (லாரி மெட்கால்ஃப்) நர்ஸ். அப்பாவுக்கு வேலை போய்விடுகிறது. பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற கத்தோலிக்கப் பள்ளியில் இந்தக் குடும்பம் எதற்காக மகளைச் சேர்த்தது? அரசுப் பள்ளிக்கு எதிரில் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டதை அவளுடைய அண்ணன் பார்த்துவிட்டான், அதனால்தான். பக்தியைவிட பயம்தான் பெரிய காரணம். ஆக, மதம் அவளுக்கு வேதபாடமாக வந்து சேரவில்லை. அம்மாவின் கவலையாக வந்து சேர்கிறது. அதில் எது அன்பு, எது கட்டுப்பாடு என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவள் முதலில் கைவைப்பது கடவுள்மேல் இல்லை, தன் பெயர்மேல். இனி என்னை ‘லேடி பேர்ட்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்கிறாள். பெற்றோர் வைத்த பெயரா என்று பாதிரியார் ஒருவர் கேட்கும்போது, எனக்கு நானே வைத்துக்கொண்டது என்கிறாள். விடலைப் பருவத்து அலட்டல் மாதிரிதான் தெரியும். ஆனால் கத்தோலிக்கச் சடங்கில் குழந்தையின் ஞானஸ்நானம் எப்படித் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்றுதான் குரு பெற்றோரிடம் முதலில் கேட்பார். பெயரும் விசுவாசமும் ஒரே சடங்கில், குழந்தையைக் கேட்காமலே தரப்படுகின்றன. ‘கிறிஸ்டீன்’ என்ற பெயருக்குள்ளேயே கிறிஸ்து இருக்கிறார். அதைத்தான் அவள் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேடிபேர்ட் என்பது பொறிவண்டுக்கு ஆங்கிலப் பெயர். அதிலுள்ள ‘லேடி’ வேறு யாருமில்லை, மாதா! ஜெர்மன் மொழியில் அதை நேரடியாகவே மரியாளின் வண்டு என்றுதான் சொல்கிறார்கள். மகனின் பெயரைக் கழற்றிப் போட்டவள், தெரியாமலே தாயின் பெயரைச் சூடிக்கொள்கிறாள். வளர்த்த மதத்தை விட்டு வெளியே போக நினைப்பவருக்குக் கையில் கிடைக்கும் சொற்கள்கூட அந்த மதம் தந்தவைதான்.

அவளுடைய கலகங்களைப் பாருங்கள். பூசையில் வைத்து அர்ச்சிக்காத அப்பத்தைத் தோழியோடு சேர்ந்து நொறுக்குத்தீனி மாதிரி தின்கிறாள். அர்ச்சிக்கவில்லை, அதனால் தப்பில்லை என்பது அவர்கள் வாதம். விதியை மீறுவதற்கும் விதி தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது! கருக்கலைப்புக்கு எதிரான கூட்டத்தில் பேச வந்த பெண்ணிடம் மனம் புண்படும்படி ஒன்றைச் சொல்லி சஸ்பெண்ட் ஆகிறாள். சிஸ்டர் சாரா ஜோனின் காரை, இயேசுவோடு இப்போதுதான் கல்யாணம் ஆனது என்ற அறிவிப்போடு அலங்கரித்து வைக்கிறாள். சிஸ்டர் கோபப்படுவார் என்று பார்த்தால், இப்போது இல்லையம்மா, அது ஆகி நாற்பது வருஷம் ஆச்சே என்கிற பாணியில் சிரிக்கிறார்.

படத்தின் மையமும் இந்தச் சிஸ்டரிடம்தான் இருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்துக்காக அவள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, உனக்கு இந்த ஊர்மேல் இவ்வளவு பிரியமா என்கிறார். கவனிப்பேன், அவ்வளவுதான் என்கிறாள் அவள். அன்பும் கவனிப்பும் ஒன்றுதான் என்று உனக்குத் தோன்றவில்லையா என்று கேட்கிறார் சிஸ்டர். கத்தோலிக்கத்தால் ஈர்க்கப்பட்டும் பல வருடங்கள் சபைக்கு வெளியிலேயே நின்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய், முழுமையான கவனத்தையே ஜெபம் என்று எழுதியவர். அவளுக்கு ஊரைப் பிடிக்காது, பள்ளியைப் பிடிக்காது. ஆனாலும் ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருக்கிறாள்.

படம் ரொம்ப மென்மையாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே 2002-ல்தான் பாஸ்டன் குளோப் நாளிதழ், பாதிரியார்களின் பாலியல் குற்றங்களையும் அவற்றைத் திருச்சபை மறைத்ததையும் வெளிக்கொண்டுவந்தது. படம் அதற்குள் போவதில்லை. ஆனால் காயமே இல்லாத உலகமும் இல்லை இது. தான் ஓரினச்சேர்க்கையாளன் என்பது பெரிய கத்தோலிக்கக் குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று டேனி அவள் தோளில் சாய்ந்து அழுகிறான். அவனை அவள் அணைத்துக்கொள்ளும் அந்தக் காட்சியில் உபதேசம் ஒரு வரிகூட இல்லை.

கடைசியில் நியூயார்க். ஒரு பார்ட்டியில் பெயர் கேட்கும் பையனிடம் கிறிஸ்டீன் என்கிறாள். கடவுள் நம்பிக்கை உண்டா என்று அவனைக் கேட்கிறாள். அவன் இல்லை என்கிறான். பெற்றோர் இஷ்டத்துக்கு வைத்த பெயரை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம், கடவுளை மட்டும் நம்பமாட்டோம் என்கிறோமே என்று அவள் வியக்கிறாள். குடிபோதையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை கண்மை கலைந்த முகத்தோடு ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்து பாடகர் குழு பாடுவதைக் கேட்டபடி நிற்கிறாள். வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்கிறாள். நான்தான் கிறிஸ்டீன், நீங்கள் வைத்த பெயர், நல்ல பெயர்தான் என்று செய்தி விடுகிறாள்.

அவள் விசுவாசத்துக்குத் திரும்பிவிட்டாளா? படம் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. குழந்தையாக இருந்தபோது அவளைக் கேட்காமல் கொடுத்த ஒன்றை, வளர்ந்தபின் அவளே கையில் எடுத்துப் பார்க்கிறாள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது இனி அவள் பாடு. கெர்விக்கும் சாக்ரமெண்டோவில் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் படித்தவர், ஆனால் கத்தோலிக்கர் அல்ல. அவருடைய அம்மாவும் நர்ஸ்தான். அம்மாவின் பெயர் கிறிஸ்டீன்.