செம்புக் கம்பெனியும் வாக்குச் சீட்டும்



ஒரு நாள் மாலை நம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது, பால் மரம் வெட்டும் ஓர் அம்மையார் நம்மிடம் வந்து இப்படிக் கேட்டார்: "ஐயா, அமெரிக்காவில் தேர்தல் வந்தால் கோடி கோடியாகச் செலவு செய்கிறார்களாமே! அந்தப் பணத்தையெல்லாம் யார் கொடுக்கிறார்கள்? கொடுக்கிறவர்கள் சும்மாவா கொடுப்பார்கள்?"

மிக நல்ல கேள்வி. படித்தவர்கள் பலரே கேட்க மறந்துவிடும் கேள்வி. அங்கே நின்றபடி இரண்டு வார்த்தையில் விடை சொல்ல நம்மால் முடியவில்லை. ஆகவே இன்றைய பேச்சில் அந்த அம்மையாருக்கும் உங்களுக்கும் சேர்த்தே விடை சொல்லலாம் என்று எண்ணுகிறோம். அமெரிக்கா மிகப் பெரிய நாடு. முழு நாட்டையும் சுற்றிவர நேரம் போதாது. அங்குள்ள ஐம்பது மாநிலங்களுள் மோன்டானா என்னும் ஒரே ஒரு மாநிலத்தின் கதையைப் பார்ப்போம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா?

முதலில், கம்பெனி என்றால் என்ன? தோட்டத்தில் துரையைப் பார்க்கிறோம், கிராணியைப் பார்க்கிறோம். ஆனால் துரை கம்பெனி அல்ல. அவரும் சம்பளம் வாங்குகிறவர்தாம். பலர் பணம் போட்டுப் பங்கு வாங்குகிறார்கள். அந்தப் பங்குகள் எல்லாம் சேர்ந்ததுதான் கம்பெனி. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, வயிறு இல்லை. ஆயினும் சட்டம் அதனை ஓர் ஆளைப் போலவே நடத்துகிறது. அது நிலம் வாங்கலாம், கடன் கொடுக்கலாம், வழக்குப் போடலாம். வியாபாரம் நடப்பதற்கு இந்த ஏற்பாடு தேவைதான். ஆனால், அந்த 'ஆள்' தேர்தலிலும் நுழைந்து பணத்தை இறைக்கலாமா? மோன்டானா மக்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வருவது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

மோன்டானா மலைகள் நிறைந்த, குளிர் மிகுந்த பகுதி. 1889-ஆம் ஆண்டில் அது அமெரிக்காவின் ஒரு மாநிலம் ஆயிற்று. அங்கே பியூட் என்ற ஊரில் மலைக்கு அடியில் ஏராளமான செம்பு கிடைத்தது. மின்சார விளக்கும் தொலைபேசியும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. மின்சாரக் கம்பிக்குச் செம்பு வேண்டும். ஆகவே உலகெங்கும் செம்புக்குக் கிராக்கி ஏற்பட்டது. அயர்லாந்து, பின்லாந்து, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து ஏழை மக்கள் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்தார்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து காட்டை அழித்து ரப்பர் நட்டதைப் போல, அவர்கள் பூமிக்கடியில் இறங்கிச் செம்பு வெட்டினார்கள்.

செம்பினால் சிலர் பெரும் பணக்காரர் ஆனார்கள். அவர்களைச் 'செம்பு மன்னர்கள்' என்றே ஊரார் அழைத்தனர். அவர்களுள் ஒருவர் வில்லியம் கிளார்க். பணம் சேர்ந்தபின் அவருக்குப் பதவி ஆசை வந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட் சபையில் உட்கார விரும்பினார். அந்தக் காலத்தில் செனட் உறுப்பினரைப் பொதுமக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். ஆக, கிளார்க்குக்கு ஊர் மக்கள் எல்லாருடைய தயவும் தேவைப்படவில்லை. சில பத்துப் பேர் போதும்.

1899-ஆம் ஆண்டில் அந்தச் சட்டமன்றத்தில் ஒரு காட்சி நடந்தது. வைட்சைடு என்ற உறுப்பினர் எழுந்து, கிளார்க்குக்கு வாக்களிப்பதற்காகத் தரப்பட்ட லஞ்சம் இது என்று சொல்லி 30,000 டாலரை எல்லாரும் பார்க்க வெளியே எடுத்து வைத்தார். அப்படியிருந்தும் கிளார்க்கே வென்றார்! பிறகு செனட் சபையின் குழு விசாரித்து, அந்தத் தேர்வு செல்லாது என்று கூறியது. சபை தம்மை வெளியேற்றுமுன் 1900-இல் அவர் தாமாகவே விலகினார். ஆனால் 1901-இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1907 வரை அந்தப் பதவியில் இருந்தார். பணம் பாதாளம் வரை பாயும் என்பார்கள். பாதாளத்திலிருந்து எடுத்த பணம் சட்டமன்றம் வரை பாய்ந்தது.

இது தனி மனிதர் ஒருவரின் பணம். இனி, கம்பெனியின் பணம் என்ன செய்தது என்று பார்ப்போம்.

பியூட்டின் மிகப் பெரிய கம்பெனிக்கு அனகோண்டா என்று பெயர். 1899-இல் ஸ்டாண்டர்டு ஆயில் என்னும் எண்ணெய்க் கம்பெனியைச் சேர்ந்த பெரும்புள்ளிகள் அதனை வாங்கி, அமால்கமேட்டட் காப்பர் என்ற புதிய கம்பெனியின்கீழ்க் கொண்டு வந்தனர். அவர்களுக்கும் இன்னொரு செம்பு மன்னரான ஹைன்சு என்பவருக்கும் சுரங்க வழக்குகள் நடந்தன. அவ்வூர் நீதிபதி ஹைன்சுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்து வந்தார். அந்த நீதிபதியிடமிருந்து தப்ப வேண்டும் என்றால் சட்டத்தை மாற்ற வேண்டும். சட்டமன்றமோ அப்போது கூடியிருக்கவில்லை.

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1903 அக்டோபரில் மாநிலம் முழுவதும் தன் வேலைகளை ஒரேயடியாக நிறுத்திவிட்டது. ஏறக்குறைய 15,000 தொழிலாளர்களுக்கு வேலை போயிற்று. பனிக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் விறகு வேண்டும், பிள்ளைகளுக்குக் கம்பளி வேண்டும், கையிலோ காசில்லை. நாளைக் காலை பெரட்டுக் களத்தில் 'யாருக்கும் வேலை இல்லை' என்று சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கம்பெனியின் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: ஆளுநர் சட்டமன்றத்தைச் சிறப்பாகக் கூட்ட வேண்டும், நீதிபதி ஒருதலைப்பட்சமானவர் என்று கருதினால் வேறு நீதிபதியைக் கேட்கச் சட்டம் இயற்ற வேண்டும். ஆளுநர் பணிந்தார். சட்டமன்றம் கூடியது. கம்பெனி கேட்ட சட்டம் டிசம்பரில் நிறைவேறியது. சுரங்கங்கள் மீண்டும் திறந்தன.

நேயர்களே, இங்கே யாருக்கும் லஞ்சம் கொடுக்க வேண்டிய தேவைகூட ஏற்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயிற்றைக் காட்டியே ஓர் அரசாங்கத்தைப் பணிய வைத்துவிட்டார்கள். அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அதை வேண்டும் என்றவர்கள் வாக்காளர்களா, கம்பெனியா என்பதே கேள்வி.

இதோடு நிற்கவில்லை. மாநிலத்தின் பெரிய நாளிதழ்களில் பெரும்பாலானவை அனகோண்டா கம்பெனியின் கையில் இருந்தன. 1959-இல்தான் கம்பெனி அவற்றை விற்றது. வேலை கொடுப்பவன் அவனே, செய்தி சொல்பவனும் அவனே, சட்டமன்றத்தை ஆட்டிவைப்பவனும் அவனே என்றால், வாக்குச் சீட்டு ஏட்டுச் சுரைக்காய்தானே?

ஆனால் அந்த மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1906-இல் மோன்டானா அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர்கள் கையெழுத்திட்டால், ஒரு சட்டத்தை அவர்களே முன்மொழியலாம். தேர்தல் நாளன்று மக்கள் எல்லாரும் அதற்கு வாக்களிக்கலாம். சட்டமன்றத்தை விலைக்கு வாங்கலாம். ஒரு மாநிலத்தின் மக்கள் அனைவரையும் வாங்குவது எளிதன்று. 1912-இல் மக்கள் அந்த வழியாகவே தேர்தல் ஊழலைத் தடுக்கும் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எந்த வேட்பாளரையும் எந்தக் கட்சியையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கம்பெனி பணம் செலவழிக்கக் கூடாது என்று அது விதித்தது. அடுத்த ஆண்டில், செனட் உறுப்பினரை மக்களே நேரே தேர்ந்தெடுக்கும் முறையும் நாடு முழுவதற்கும் வந்தது. 1914-இல் மோன்டானாப் பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள். 1916-இல் ஜெனட் ரேங்கின் என்ற பெண்மணியை அவர்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவரே. நம் தாய்மார்கள் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

சட்டம் வந்தவுடன் சுரங்கத் தொழிலாளர் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 1917-இல் பியூட்டின் ஒரு சுரங்கத்தில் தீப்பிடித்து 168 பேர் மாண்டனர். அதன்பின் எழுந்த வேலை நிறுத்தத்தின்போது, பிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கவாதியை முகமூடி அணிந்தவர்கள் நள்ளிரவில் இழுத்துச் சென்று தூக்கிலிட்டார்கள். அந்தக் கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஒரு நல்ல சட்டம் முதல் படியே தவிர, முழு ஏணி அன்று. ஆயினும் மக்கள் கட்டிய அந்தப் படி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நிலைத்து நின்றது.

அந்தப் படி எப்படிச் சாய்ந்தது? 2010 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'சிட்டிசன்ஸ் யுனைட்டட்' என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. தேர்தலில் கருத்துச் சொல்வது பேச்சுரிமை; கருத்தைப் பரப்பப் பணம் தேவை; ஆகவே கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தனியாக நின்று எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்பது தீர்ப்பின் சாரம். வேட்பாளர் கையில் கம்பெனி நேராகப் பணம் கொடுப்பதற்கு 1907 முதல் இருக்கும் தடை அப்படியே இருந்தது. ஆனால், அவருக்காகத் தானே விளம்பரம் செய்யத் தடை நீங்கிற்று. பணத்தைக் கையில் கொடுக்காமல், அவர் வீட்டுக் கலியாணத்துக்குப் பந்தல் முழுவதையும் போட்டுக் கொடுப்பது போன்றது இது.

ஒன்பது நீதிபதிகளில் ஐவர் இப்படித் தீர்ப்பளித்தனர், நால்வர் மறுத்தனர். கம்பெனியால் வாக்களிக்கவோ தேர்தலில் நிற்கவோ இயலாது, அது நம் சமுதாயத்தின் உறுப்பினர் அன்று என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் மறுப்புரை எழுதினார். தீர்ப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயத்தையும் நாம் மறைக்கக் கூடாது. அரசாங்கம் 'நீ பேசலாம், நீ பேசக்கூடாது' என்று தரம் பிரிக்கத் தொடங்கினால், நாளை சிறிய சங்கங்களின் வாயையும் கட்டிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் ஒருவர் வெறும் வாயால் பேச, மற்றவர் ஆயிரம் ஒலிபெருக்கி வைத்துப் பேசினால், யாருடைய குரல் ஊருக்குக் கேட்கும்? இருவருக்கும் பேச்சுரிமை இருக்கிறது என்று சொல்லி நாம் மனம் ஆற முடியுமா?

மோன்டானா எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 2011-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், கம்பெனிப் பணம் எங்கள் மாநிலத்தை என்ன செய்தது என்பதை எங்கள் வரலாறே காட்டுகிறது என்று கூறி, 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காப்பாற்றியது. ஆனால் 2012 ஜூனில் நாட்டின் உச்ச நீதிமன்றம், மீண்டும் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், விசாரணைகூட நடத்தாமல் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. நூறாண்டுச் சட்டம் அன்றோடு வீழ்ந்தது.

அதே ஆண்டு நவம்பரில் தேர்தல் வந்தது. கம்பெனி மனிதன் அன்று, மனிதனின் உரிமைகள் அதற்கு இல்லை என்று அறிவிக்கும் ஒரு முன்மொழிவு வாக்குக்கு வந்தது. நால்வருள் மூவர் என்ற அளவில் மக்கள் அதனை ஆதரித்தனர். அதே நாளில் அதே மக்கள் அதிபர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் ராம்னிக்கே பெரும்பான்மை வாக்கைத் தந்தார்கள். ஆகவே, இது ஒரு கட்சியின் கூச்சல் அன்று. எல்லாக் கட்சிக்காரரின் மனத்திலும் இருந்த குறை. அந்த அறிவிப்பு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் 2015-இல் இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். மாநிலத் தேர்தல் நெருங்கும் நேரத்தில் செலவு செய்யும் குழுக்கள், தங்களுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை வெளியிட வேண்டும் என்பது அந்தச் சட்டம். கதவை மூட முடியாவிட்டால், வருகிறவர் முகத்தைப் பார்க்க விளக்காவது ஏற்றுவோம் என்று அவர்கள் எண்ணினார்கள்.

அந்தப் பெரிய கம்பெனி என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். 1977-இல் ஓர் எண்ணெய்க் கம்பெனி அதனை வாங்கியது. பியூட் நகரில் 1955 முதல் தோண்டிய பெரும் பள்ளத்தில் 1982-இல் வேலை நின்றது. நீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகளையும் நிறுத்திவிட்டார்கள். பள்ளத்தில் அமிலமும் உலோகமும் கலந்த நச்சு நீர் நிரம்பியது. பங்குகள் கைமாறின. ஊர் மக்களோ அந்தப் பள்ளத்தின் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். கம்பெனிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கம்பெனிக்கு ஊரை விட்டுப் போக ஒரு கையெழுத்துப் போதும். மனிதருக்கு வீடு உண்டு, பிள்ளைகளின் பள்ளி உண்டு, பெற்றோரைப் புதைத்த இடம் உண்டு. அதனால்தான் வாக்குரிமை மனிதருக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஆக, அம்மையார் கேட்ட கேள்விக்கு விடை இதுவே: கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் சும்மா கொடுப்பதில்லை. இதனைத் தடுக்க அந்த நாட்டுச் சாதாரண மக்கள் கண்ட வழிகள் மூன்று. ஒன்று, செய்தி ஒன்று கேட்டால் அதைச் சொல்வதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்டார்கள். இரண்டு, தனித்தனியே முணுமுணுக்காமல் ஒன்றுசேர்ந்து கையெழுத்திட்டார்கள். மூன்று, ஒரு முறை வென்ற சட்டம் என்றென்றும் நிற்கும் என்று நம்பி உறங்கியவர்கள் அதனை இழக்கக்கூடும் என்பதை அறிந்து, விழுந்த பின்னும் மீண்டும் எழுந்தார்கள்.

இன்று இரவு சாப்பிட்ட பின், வீட்டில் செய்தித்தாள் இருந்தால் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், "இதை நமக்குச் சொல்பவர் யார்? இதனால் யாருக்கு லாபம்?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு விடை தெரியாமல் போகலாம்; நமக்கும் தெரியாமல் போகலாம். கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் போதும், விடை பின்னால் வரும்.