பரணில் கிடக்கும் டிவி கேம்: புதையலா, பழைய பிளாஸ்டிக்கா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதலில் நடக்கும் வேலை என்ன தெரியுமா? மேஜைக்கு இடம் ஒதுக்குவது. அப்போது பரணில் கிடக்கும் பழைய பெட்டிகள் கீழே இறங்கும். அவற்றில் ஒன்றில் வயர் சுற்றிய ஒரு டிவி கேம் இருந்தால், தூக்கிப் போடும் முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள். இது விலை போகுமா, போகாதா என்று உங்கள் கம்ப்யூட்டரை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நான் இருப்பது திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் பகுதி. பழைய வீடியோ கேம் கருவிகளைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. போன போகிக்கு முந்தின நாள் எதிர் வீட்டு அக்கா ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். அவர் கணவர் காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. மகன் கல்லூரியில் கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு லேப்டாப் தேவை.

“தம்பி, இதைப் போட்டோ எடுத்து செகண்ட் ஹேண்ட் ஆப்பில் போட்டேன். ஒருத்தர் எல்லாத்துக்கும் சேர்த்து மூவாயிரம் தர்றேன், இன்னைக்கு ராத்திரியே வந்து எடுத்துக்கறேன்னு சொல்றார். எங்க நாத்தனார் வீட்டுக்காரர் லட்சத்துக்குக் குறைஞ்சு கொடுக்காதேங்கறார். நீ உண்மையைச் சொல்லு, எவ்வளவு போகும்?”

மூவாயிரமா, லட்சமா? பெட்டியைத் திறந்தேன். நான் பார்த்த வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

லட்சம் எங்கிருந்து வந்தது?

2021ம் ஆண்டு அமெரிக்காவில் ‘சூப்பர் மாரியோ 64’ என்ற கேம் ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கும் மேல் போனது. எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. அன்று முதல் மாரியோ கேசட் வைத்திருப்பவர்கள் அனைவரும் தங்களை லட்சாதிபதி என்று நினைத்துக் கொள்கிறார்கள். ஆனால் அந்த கேம் உலகம் முழுவதும் 1 கோடிக்கும் மேல் விற்றது. ஏலம் போன பிரதி கடையில் இருந்தபடியே உறை பிரிக்காமல், புத்தம் புதிதாக இருந்தது. அந்த விலை கேமுக்கு அல்ல, அந்த நிலைக்கு.

உண்மையில் அரியது எது? 1990ல் நின்டெண்டோ நடத்திய உலகப் போட்டிக்காகத் தயாரித்த கேசட்டைச் சொல்லலாம். சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26 மட்டுமே வெளியே கொடுக்கப்பட்டன. இதிலிருந்து ஒரு விதியை மனதில் வையுங்கள். எத்தனை தயாரித்தார்கள், அவற்றில் எத்தனை மிச்சம் இருக்கின்றன, இன்று எத்தனை பேர் தேடுகிறார்கள் - இந்த மூன்றும் சேர்ந்தால்தான் விலை. பழையது என்பதற்காக மட்டும் யாரும் பணம் தருவதில்லை.

முதல் சோதனை: கேசட் ஒரிஜினலா?

பெட்டியில் முதலில் இருந்தது 1990களின் டிவி கேம். அக்காவின் கணவர் பள்ளி நாட்களில் விளையாடியது. நின்டெண்டோ 1983ல் ஜப்பானில் வெளியிட்ட கருவியின் பெயர் பேமிகாம். அதே வகையில் அமைந்த கருவிகள்தான் நம் ஊரில் சாமுராய், மீடியா நிறுவனத்தின் லிட்டில் மாஸ்டர், விஸ் கிட் போன்ற பெயர்களில் விற்றன. அவற்றில் போடும் கேசட்டில் 60 பின்கள் இருக்கும். அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ கேசட்டில் 72 பின்கள். ஆகவே வெளிநாட்டு விலையைப் பார்த்துவிட்டு ‘நம்மிடமும் இருக்கிறதே’ என்று துள்ளக் கூடாது. அது வேறு, இது வேறு.

பெட்டியில் ஏழு கேசட்டுகள் இருந்தன. ஒன்றில் ‘99999 இன் 1’ என்று எழுதியிருந்தது. நின்டெண்டோ இப்படி ஒரு கேசட்டைத் தயாரிக்கவே இல்லை. உள்ளே பத்து இருபது கேம்கள்தான் இருக்கும். அதே கேமை இரண்டாவது ஸ்டேஜிலிருந்து, மூன்றாவது ஸ்டேஜிலிருந்து தொடங்கி எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள்.

மற்றவற்றை ஸ்குரூ கழற்றிப் பார்த்தேன். ஒரிஜினல் கேசட்டின் போர்டில் பெரும்பாலும் கால்கள் வைத்த, எண் அச்சடித்த சிப் இருக்கும். நகலில் பெரும்பாலும் தார் சொட்டியது போல ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். ஏழிலும் கறுப்புப் பொட்டுதான்.

எனக்கு இது தெரிந்தது சும்மா இல்லை. சில வருடங்களுக்கு முன் காண்ட்ரா கேசட் ஒன்றை ‘மிக அரியது’ என்று நம்பி 2,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் கறுப்புப் பொட்டு பல்லிளித்தது. விற்றவர் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. பணம் கொடுக்கும் முன் உட்புறப் படம் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் மறக்காமல் கேளுங்கள்.

இரண்டாவது சோதனை: வேலை செய்கிறதா?

அவசரப்பட்டு பிளக்கைச் சொருக வேண்டாம். அடாப்டரில் எத்தனை வோல்ட், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற குறி இருக்கும். கருவியின் பின்புறமும் இருக்கும். இரண்டும் பொருந்தினால் மட்டுமே கரண்ட் கொடுங்கள்.

கேசட்டை வாயால் ஊதிப் போடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். தயவு செய்து விட்டுவிடுங்கள். எச்சிலின் ஈரம் பின்களில் துரு ஏற்றும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பட்ஸ் நுனியில் லேசாகத் தொட்டு, பின்களைத் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். இப்படிச் செய்ததும் அக்காவின் கேசட்டுகளில் ஐந்து ஓடின.

துப்பாக்கியும் இருந்தது. அதை எல்இடி டிவியில் சுட்டால் வாத்து விழாது. அது பிக்சர் டியூப் டிவியின் ஒளியை நம்பி வேலை செய்வது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம்.

ஆக, இந்த டிவி கேமுக்கு என்ன மதிப்பு? வெளி அட்டைப் பெட்டி இல்லை, கையேடு இல்லை. ஓடுகிறது. ஆசைப்படும் ஒருவர் சில நூறு ரூபாய் கொடுக்கலாம். அவ்வளவுதான். அட்டை, கையேடு, கடை பில் எல்லாம் இருந்திருந்தால் கதை வேறு. 1990களின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்ற சேகா மெகா டிரைவ் போன்றவற்றை இந்திய அட்டைப் பெட்டியோடு பார்த்தால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். கருவியைப் பத்திரப்படுத்தும் நாம் அட்டையை எறிந்துவிடுகிறோம். அதனால் அட்டைதான் அரிதாகிறது.

மூன்றாவது சோதனை: உங்கள் கம்ப்யூட்டர் சொல்லும் பதில்

பெட்டியின் அடியில் ஒரு பிளேஸ்டேஷன் 2 இருந்தது. மகன் சிறுவனாக இருந்தபோது அப்பா வாங்கித் தந்தது. இது உலகில் 15 கோடிக்கும் மேல் விற்ற கருவி. ஆகவே கருவி அரியது அல்ல. கூடவே பத்து டிஸ்க்குகள்.

டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். ஊதா அல்லது பச்சை சாயம் தெரிந்து, எழுதிய பகுதி வட்டமாகப் பிரிந்து தெரிந்தால் அது வீட்டில் எழுதிய நகல். ஒரிஜினல் டிவிடி டிஸ்க் வெள்ளியாக இருக்கும். நடுத் துளையைச் சுற்றி எண்கள் பொறித்திருக்கும். சில ஒரிஜினல் கேம்கள் சிடியில் வந்தன. அவற்றின் அடிப்பக்கம் நீலமாக இருக்கும். அதைப் பார்த்து நகல் என்று ஏமாற வேண்டாம். அக்காவின் பத்தில் எட்டு நகல்கள். அவற்றை விற்கக் கூடாது என்று ஒதுக்கினேன். மிச்சம் இரண்டு: ஒரு கிரிக்கெட் கேம், இன்னொன்று ‘ஹனுமான்: பாய் வாரியர்’.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். டிஸ்க்கை டிவிடி டிரைவில் போடுங்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லை என்றால் யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் போதும். டிரைவைத் திறந்தால் பைல்கள் தெரியும். அவற்றில் ‘சிஸ்டம்’ என்ற பெயரும் ‘சிஎன்எஃப்’ என்ற துணைப் பெயரும் கொண்ட பைலின் மேல் ரைட் கிளிக் செய்து, நோட்பேட் மூலம் திறந்திடுங்கள். அதில் ஒரு குறியீடு இருக்கும். நம் பகுதிக்கான டிஸ்க் என்றால் அது எஸ்சிஇஎஸ் அல்லது எஸ்எல்இஎஸ் என்ற எழுத்துகளில் தொடங்கி ஐந்து இலக்க எண்ணாக முடியும். டப்பாவின் முதுகிலும் டிஸ்க்கின் மேலும் அச்சடித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் டப்பா ஒன்று, டிஸ்க் ஒன்று.

பின்னர் எல்லா பைல்களையும் ஒரு போல்டரில் காப்பி செய்து பாருங்கள். நடுவில் நின்று பிழைச் செய்தி வந்தால், கீறல் ஆழமாக இருக்கிறது என்று பொருள். சோதனை முடிந்ததும் போல்டரை அழித்துவிடுங்கள். ஹனுமான் தடையின்றி காப்பி ஆனது. எண்ணும் சரியாக இருந்தது. டப்பாவில் கையேடும் இருந்தது.

கேலிக்கு ஆளானதே அரியதான கதை

இந்த ஹனுமான் கேமை உருவாக்கியது ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ். 2009ல் வந்தது. இந்தியாவிலேயே முழுமையாக உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 கேம் என்ற பெயர் இதற்கு உண்டு. விமர்சகர்கள் பலமாகக் குட்டினார்கள். விளையாடியவர்களும் சீக்கிரமே மூலையில் போட்டார்கள். அதே ஆண்டு கபடி, கில்லி எல்லாம் வைத்து ‘தேசி அட்டா’ வந்தது. 2013ல் ஷாருக்கான் படத்தை வைத்து ‘டான் 2’ வந்தது. இவ்விரண்டும் ஹைதராபாத்தின் கேம்சாஸ்திரா செய்தவை.

முன்பு சொன்ன மூன்று விதியை இங்கே பொருத்துங்கள். ஹனுமான் வெளியானது இந்தியாவில் மட்டும். பிடிக்காததால் பலர் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஐரோப்பிய வகை பிளேஸ்டேஷன் 2 கேம்களை ஒன்று விடாமல் சேர்ப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இது இல்லாமல் வரிசை முடியாது. நல்ல கேம் கோடிக்கணக்கில் கிடைக்கிறது. மோசமான கேமைத்தான் தேட வேண்டியிருக்கிறது!

எனக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். “அக்கா, அந்த மூவாயிரம் ரூபாய்க்காரர் போனில் வேறு ஏதாவது கேட்டாரா?” என்றேன். “ஆமாம் தம்பி, அனுமார் படம் போட்ட டப்பா கூட வருதான்னு ரெண்டு தடவை கேட்டார்” என்றார். விஷயம் புரிந்துவிட்டது.

நான்காவது சோதனை: விற்ற விலையைப் பாருங்கள்

விலை தேடும்போது புதியவர்கள் செய்யும் தவறு, கேட்கும் விலையை நம்புவது. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். இபேயின் இந்தியத் தளம் 2018ல் மூடப்பட்டது. ஆனால் அதன் அமெரிக்கத் தளத்தில் தேடிய பின், விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி ஒரு கட்டத்தில் டிக் செய்திடலாம். அங்கே தெரிவதுதான் உண்மை விலை. ஒரே ஒரு விற்பனையை வைத்து முடிவு செய்யாமல் நான்கைந்தைப் பாருங்கள். தபால் செலவு, டாலர் மாற்று, வெளிநாட்டுக்கு அனுப்பும் சிரமம் எல்லாவற்றையும் கழித்துக் கொள்ளுங்கள்.

அக்காவிடம் பார்த்ததைச் சொன்னேன். இந்த ஒரு டப்பா மட்டுமே அவருக்குச் சொன்ன மூவாயிரத்தைத் தாண்டும். ஆனால் லட்சம் இல்லை. லேப்டாப் வாங்கும் பணமும் இதில் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் முகம் வாடியது. பொய்யான ஆறுதல் சொல்லி என்ன பயன்?

கடைசியாக, மெமரி கார்டு

விற்கும் முன் பிளேஸ்டேஷனை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? டிவியில் இணைத்து, டிஸ்க் போடாமல் ஆன் செய்தோம். மகனும் வந்து உட்கார்ந்தான். 8 எம்பி மெமரி கார்டைத் திறந்தால் அதில் என்னென்ன கேம் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று படங்களாக வரும். சேமித்த தேதியும் வரும். கிரிக்கெட் கேமில் பாதியில் நின்ற ஒரு போட்டி இருந்தது. தேதியைப் பார்த்ததும் அவன், “அப்பா ஆடினது. நான் தூங்கின பிறகு அவர் தனியா ஆடுவார்” என்றான். அக்கா ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு வந்தவரிடம் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஹனுமான் டப்பாவை என்ன செய்வது என்று கேட்டேன். “அதை விற்கலாம் மாமா, எனக்கு அப்பவே பிடிக்கலை. மெமரி கார்டும் கிரிக்கெட்டும் மட்டும் வேணும்” என்றான் பையன். தை மாதத்தில் சென்னையில் சேகரிக்கும் ஒருவர் நியாயமான விலைக்கு டப்பாவை வாங்கிக் கொண்டார். அக்கா அதோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்து, பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை வாங்கினார்.

அந்த லேப்டாப்பில் பையன் செய்த முதல் வேலை இது. எக்ஸெல் இல்லாததால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு பட்டியல் போட்டான். பொருளின் பெயர், குறியீட்டு எண், அட்டை இருக்கிறதா, கையேடு இருக்கிறதா, ஓடுகிறதா, யார் எப்போது வாங்கியது என்று ஆறு கட்டங்கள். நீங்களும் இப்படியே தொடங்குங்கள். போட்டோக்களை ஒரு போல்டரில் போட்டு, பட்டியலில் உள்ள எண்ணையே பைல் பெயராகக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அடுத்த போகிக்கு முன் இறக்கிப் பாருங்கள். எடைக்குப் போடுவதோ, லட்சம் கேட்பதோ, இந்த நான்கு சோதனைகளுக்குப் பிறகு இருக்கட்டும். மெமரி கார்டை மட்டும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.