புஜங்காசனம்: கையில்லாத பாம்பு எழுவது எப்படி?

ரப்பர் தோட்டத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ வேலை செய்த பெரியவர்களைக் கேட்டால், நல்ல பாம்பு படமெடுத்து நின்றதைப் பார்த்த கதை ஒன்றாவது வைத்திருப்பார்கள். படத்தைப் பற்றியும் சீற்றத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்வார்கள். அது எப்படி எழுந்து நின்றது என்பதை அந்த நேரத்தில் யாரும் யோசித்திருக்க முடியாது. பாம்புக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. ஆனாலும் உடலின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதியை நிலத்திலிருந்து தூக்கி நிறுத்திவிடுகிறது. மீதி உடல் தரையோடு தரையாகக் கிடக்கிறது. கிடக்கும் அந்தப் பகுதிதான் எழுந்த பகுதியைத் தாங்குகிறது.

யோகத்தில் புஜங்காசனம் என்று சொல்லப்படும் ஆசனத்துக்கு இந்தக் காட்சியே மூலம். புஜங்கம் என்றால் வளைந்து செல்வது, அதாவது பாம்பு. முதுகைப் பின்னோக்கி வளைக்கும் ஆசனங்கள் பல இருக்கின்றன. வில்லைப் போன்ற தனுராசனம், ஒட்டகத்தைப் போன்ற உஷ்டிராசனம், சக்கரத்தைப் போன்ற சக்ராசனம் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. புதிதாகக் கற்க வருபவர்களுக்குப் பெரும்பாலும் புஜங்காசனத்தையே முதலில் சொல்லித் தருகிறார்கள். எளிது என்று எண்ணுவதாலேயே பலரும் இதைத் தவறாகச் செய்கிறார்கள்.

யோகாசனம் பற்றிய கலந்துரையாடல்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. இது உடற்பயிற்சியா, ஆன்மீகமா? உடற்பயிற்சி என்பவர்கள் முதுகுத்தண்டைப் பற்றிப் பேசுவார்கள். ஆன்மீகம் என்பவர்கள் குண்டலினியைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் வாங்குவதில்லை. புஜங்காசனத்தில் இந்தப் பிரிவினை செல்லுபடியாகாது. இதன் தத்துவத்தை மறந்துவிட்டுச் செய்தால் இடுப்புதான் வலிக்கும்.

இந்த ஆசனத்தின் செய்முறை கேரண்ட சம்ஹிதை என்னும் ஹடயோக நூலில் இருக்கிறது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதும் இந்நூல் 32 ஆசனங்களை விவரிக்கிறது. புஜங்காசனத்துக்கு அது தரும் விளக்கம் மிகச் சுருக்கமானது. கால்விரல் முதல் நாபி வரை தரையில் இருக்க வேண்டும். உள்ளங்கைகளால் நிலத்தைப் பற்றிக்கொண்டு பாம்பைப் போலத் தலையை உயர்த்த வேண்டும். இதனால் உடலின் அக்கினி வளரும், எல்லா நோயும் நீங்கும், பாம்பு வடிவான சக்தி விழித்தெழும் என்று பலனும் சொல்லப்படுகிறது. எல்லா நோயும் நீங்கும் என்பதை அக்கால நூல்களின் வழக்கமான புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதே நல்லது. செய்முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நாபி வரை தரையில் இருக்க வேண்டும். கை நிலத்தைப் பற்றினால் போதும்; நிலத்தைத் தள்ளும்படி நூல் சொல்லவில்லை.

(ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று மேடையில் முழங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இதற்கு முந்தைய ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கும் 15 ஆசனங்களில் புஜங்காசனம் இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரம் எந்த ஆசனத்தின் பெயரையும் சொல்வதில்லை. இதனால் இந்த ஆசனத்தின் மதிப்பு குறைந்துவிடாது.)

கோயில் மண்டபத்திலும் சமூக மன்றத்திலும் நடக்கும் வகுப்புகளில் அடிக்கடி காணக்கூடியது வேறு. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், நாற்பதைத் தாண்டியவர், ஆர்வத்தோடு வருகிறார். எழுங்கள் என்றதும் இரண்டு கைகளாலும் தரையைத் தள்ளுகிறார். முழங்கை நேராகிறது. நாபி மட்டுமல்ல, இடுப்பே தரையை விட்டுக் கிளம்புகிறது. தோள்கள் காதைத் தொடுகின்றன. கழுத்து பின்னால் மடங்குகிறது. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. யோகா நமக்கு ஒத்துவராது என்று அதோடு நின்றுவிடுகிறார்.

காரணம் முதுகெலும்பின் அமைப்பில் இருக்கிறது. கழுத்தில் 7 எலும்புகள், மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. மார்புப் பகுதி விலா எலும்புகளோடு பிணைந்திருப்பதால் பின்னால் எளிதில் வளையாது. கழுத்தும் இடுப்பும் எளிதில் வளையும். கையால் வேகமாகத் தள்ளும்போது, வளைய மறுக்கும் பகுதி அப்படியே இருக்க, வளைவு முழுவதும் இடுப்பின் அடிப்பகுதியில் போய் விழுகிறது. வளைய வேண்டிய இடமோ மார்பு. பாம்பு படமெடுப்பதும் விலா எலும்புகளை விரித்துத்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

சரியான முறையில் செய்வதற்கு அவசரம் கூடாது. குப்புறப் படுத்து, கால்களைச் சேர்த்து, நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். உள்ளங்கைகள் மார்புக்குப் பக்கத்தில், முழங்கைகள் விலாவை ஒட்டி இருக்க வேண்டும். பாதத்தின் மேற்பகுதியும் தொடையும் தரையில் நன்றாக அழுந்த வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது முதலில் மூக்கு, பிறகு முகவாய், அதன் பிறகு மார்பு என்று ஒவ்வொன்றாக முன்னோக்கி எழ வேண்டும். முழங்கை மடங்கியே இருக்கலாம். அந்த நிலையில் மூன்று அல்லது நான்கு மூச்சு போதும்.

தம் பலத்தில்தான் எழுந்தோமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. எழுந்து நிற்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் தரையிலிருந்து சற்றே தூக்கிப் பார்க்க வேண்டும். மார்பு அங்கேயே நின்றால் முதுகுத் தசை வேலை செய்கிறது. தடாலென்று கீழே விழுந்தால், அதுவரை கைதான் வேலை செய்தது. முதல் நாளில் பெரும்பாலோருக்கு நிற்கும் உயரம் நான்கு விரற்கடைதான். அதுவே அன்றைய புஜங்காசனம்.

மருத்துவத்தில் இதே வடிவம் வேறு விதமாகப் பயன்படுகிறது. 1956இல் நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சியிடம் கால்வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில் தற்செயலாகக் குப்புறப் படுத்தார். சில நிமிடங்களில் வலி விலகியது. அதிலிருந்து பிறந்த மெக்கன்சி முறையில், முதுகைத் தளரவிட்டுக் கையால் எழும் பயிற்சியும் உண்டு. அது சிகிச்சை, நோயாளியைப் பரிசோதித்த பின் கொடுப்பது. முதுகெலும்பின் நரம்புக் குழாய் சுருங்கியவர்களுக்குப் பின்வளைவு வலியைக் கூட்டவும் செய்யும். கர்ப்பிணிகள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் இந்த ஆசனத்தைத் தவிர்க்க வேண்டும்.

இனி தத்துவத்துக்கு வரலாம். மூலாதாரத்தில் சுருண்டு உறங்கும் பாம்பாகக் குண்டலினியை யோக நூல்கள் உருவகப்படுத்துகின்றன. நம் வீடுகளில் ஓதப்படும் விநாயகர் அகவலிலும் குண்டலி வருகிறது. பாம்பாட்டிச் சித்தர் ஆடச் சொல்லும் பாம்பும் இதுவே என்பர். சுருண்டு கிடப்பதை எழுப்ப வெளியிலிருந்து ஒரு கை வரப்போவதில்லை என்பதே இந்த உருவகத்தின் உள்ளடக்கம். ஆறு வாரத்தில் குண்டலினியை எழுப்பித் தருவதாக விளம்பரம் செய்பவர்களை நம்பிப் பணம் கட்டுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

தில்லையில் நடராசரின் கூத்தைக் கண்டவராகப் போற்றப்படும் பதஞ்சலியின் திருவுருவத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். அவர் ஆதிசேடனின் அவதாரம் என்பது மரபு. இடுப்புக்குக் கீழே பாம்பு, மேலே கைகூப்பிய மனிதர். புஜங்காசனத்தில் ஒட்டிய கால்களோடு நாபி வரை தரையில் கிடந்து, மார்பை உயர்த்தும் மனிதரின் வடிவமும் கிட்டத்தட்ட அதுதான். பாம்புப் பாதியை உதறிவிட்டு மனிதப் பாதி எழுவதில்லை. நாபி தரையை விடக்கூடாது என்ற விதியின் பொருள் இங்கேதான் தெளிவாகிறது.

இந்த ஆசனத்தை உலகெங்கும் கொண்டு சென்றவர்களில் சுவாமி சிவானந்தரின் சீடர்கள் முக்கியமானவர்கள். நெல்லைச் சீமையின் பத்தமடையில் பிறந்த அவர், டாக்டர் குப்புசாமியாக 1913இல் மலாயாவுக்கு வந்து, நெகிரி செம்பிலான் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றியவர். 1923இல் தாயகம் திரும்பித் துறவியானார். அவருடைய சீடர் சுவாமி விஷ்ணுதேவானந்தர் வகுத்த 12 அடிப்படை ஆசனங்களின் வரிசையில், முன்னோக்கிக் குனியும் பச்சிமோத்தானாசனத்துக்கு அடுத்தபடியாகப் புஜங்காசனம் வருகிறது. குனிந்த பிறகே எழுவது.

இறங்குவதையும் ஆசனத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே முதலில் வயிறு, பிறகு மார்பு, முகவாய் என்று வந்த வழியே திரும்ப வேண்டும். நெற்றி கடைசியாகத் தரையைத் தொடும். அதன் பின் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கைகளை உடலோடு நீட்டி, மூச்சு பழைய நிலைக்கு வரும்வரை அப்படியே கிடக்கலாம்.